ஏழாம் நம்பர் ரயிலும் ஒரு மூட்டை கலர் வேஸ்ட்டும்

“அப்பா, கைய எடுங்க” என்று மகள் முழங்கையால் இடித்தபோதுதான் என் விரல் போயிருந்த இடம் எனக்கே தெரிந்தது. தொட்டுவிடவில்லை. தொடுவதற்கு அரை அங்குலம் இருந்தது. முப்பத்தைந்து வருசமாகத் துணியைக் கண்டால் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துப் பழகிய கை. இது மியூசியம் என்று அதற்கு யார் சொல்வது? மூலையில் நின்ற காவலாளி அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அடுத்த இரண்டு மணி நேரமும் ஹெட்மாஸ்டர் ரவுண்டு வருகிற மாதிரி அப்படியேதான் நடந்தேன்.

பொருத்தமான நடைதான். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கோர்ட் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் பி.எஸ்.1, பப்ளிக் ஸ்கூல் ஒன்று என்பதன் சுருக்கம். இன்றைக்கு அது நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு கிளை. நீளமான வராந்தா, உயரமான ஜன்னல், தேய்ந்த படிக்கட்டு எல்லாம் பள்ளிக்கூடத்துடையவை. வகுப்பறைகளில் மட்டும் பெஞ்சுக்குப் பதில் படங்கள்.

2024 ஆகஸ்ட். மகள் ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கிறாள். நாற்பது நாள் அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். முதல் பதினைந்து நாளில் ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய இடங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். படகில் போய் சுதந்திர தேவி சிலை. அதே படகில் எல்லிஸ் தீவு. டைம்ஸ் ஸ்கொயரில் விளக்கு. அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. போட்டோவில் இருப்பது போலவேதான் இருக்கின்றன.

எதிர்பாராமல் என்னை நிறுத்தியது ஏழாவது அவென்யூவில் ஒரு வெண்கலச் சிலை. 39-ம் தெரு ஒட்டி. தலையில் யூதர்களின் சின்னக் குல்லாய், மெஷின் மேல் குனிந்த முதுகு, ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளும் இரண்டு கை. ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கே உடுப்புத் தைத்த வட்டாரம் அது. ஜூடித் வெல்லர் என்ற சிற்பி, மெஷின் ஓட்டிய தன் அப்பாவை மனதில் வைத்து 1984-ல் செய்த சிலை. நான் அந்த விரல்களைப் பார்த்தேன். ஓட்டுகிற ஆள்தான், சந்தேகமில்லை. துணியை இழுக்காமல், தானாகப் போகவிட்டு வழிகாட்டுகிற பிடி. திருப்பூரில் கொடி காத்த குமரனுக்குச் சிலை உண்டு, தலைவர்களுக்குச் சிலை உண்டு. மெஷினில் குனிந்த ஒருவருக்குச் சிலை வைத்து நான் பார்த்ததில்லை. போட்டோ எடுத்து எங்கள் ஜாப் ஒர்க் யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். “ஓவர்டைம் போல” என்று ஒரு டைலர் பதில் போட்டிருந்தான்.

அதைப் பார்த்துச் சிரித்த மகள்தான் சொன்னாள்: “துணியில தைச்ச படமெல்லாம் ஒரு எடத்துல வச்சிருக்காங்கப்பா. பிலிப்பைன்ஸ்காரம்மா ஒருத்தங்க பண்ணுனது. உங்களுக்குப் பிடிக்கும்.”

ஜெர்சி சிட்டியிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலில் மன்ஹாட்டன். அங்கிருந்து இன்னொரு ரயிலில் கோர்ட் ஸ்கொயர். அப்படித்தான் பசீதா அபாதின் படத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பிலிப்பைன்ஸ் வரைபடத்தின் உச்சியில், தைவானுக்குப் போகிற வழியில் பொட்டுப் பொட்டாகச் சில தீவுகள் இருக்கின்றன. பதானெஸ் என்று பெயர். புயல் அடிக்கடி வந்து போகும் இடம். அதனால் அங்கத்து வீடுகளுக்குக் கோட்டை மாதிரிக் கனத்த கல்சுவர், மேலே கனத்த புல்கூரை. அங்கே பாஸ்கோ என்ற ஊரில் 1946-ல் பிறந்தவர் பசீதா. அப்பா, அம்மா இருவருமே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்கள். அதிபர் மார்கோஸின் ஆட்சிக்கு எதிராகப் பசீதா மாணவர்களோடு தெருவில் இறங்கினார். வீட்டின் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். சட்டம் படிக்க ஸ்பெயினுக்குப் போ என்று 1970-ல் வீட்டில் அனுப்பிவைத்தார்கள். வழியில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியவர் ஸ்பெயினுக்குப் போகவே இல்லை. பகலில் ஆபீஸ் வேலை, இரவில் தையல் வேலை என்று அங்கேயே பிழைத்தார். இந்த இரண்டாவது வேலையை வாசித்ததும் எனக்கு அவர் வேண்டியவர் ஆகிவிட்டார்.

பிறகு படம் வரையப் படித்தார். பொருளாதார நிபுணரான கணவரின் வேலைக்காக வங்கதேசம், சூடான், இந்தோனேசியா என்று நாடு நாடாகக் குடியிருந்தார். அறுபது நாடுகளுக்கு மேல் பார்த்தவர். போன இடத்தில் எல்லாம் அங்கத்துப் பெண்களிடம் ஏதாவது ஒரு கைவேலை கற்றுக்கொண்டார்: கண்ணாடி பதிப்பது, மணி கோப்பது, சோழி தைப்பது, பத்திக் சாயம். எல்லாவற்றையும் தன் படத்துக்குள் கொண்டுவந்து தைத்தார். 5,000-க்கு மேல் படைப்புகள். 2004-ல் சிங்கப்பூரில் காலமானார். அந்த வருசம் ஜனவரியில்கூட, உடம்பில் நோயை வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள அல்காஃப் பாலம் முழுவதையும் 55 நிறத்தில், 2,350 வட்டங்களால் நிரப்பி முடித்திருந்தார். அவர் இறந்து ஏறத்தாழ இருபது வருசம் கழித்துத்தான் அமெரிக்கா அவர் படைப்புகளை மொத்தமாகக் கூட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2023-ல் மினியாபொலிஸ், அடுத்து சான் பிரான்சிஸ்கோ, 2024-ல் இங்கே, பிறகு டொரொன்டோ.

அவர் செய்த முறைக்கு டிராபுண்டோ என்று இத்தாலியப் பெயர் சொல்கிறார்கள். நான் எங்கள் பாஷையில் சொல்கிறேன். கேன்வாஸ் துணியில் படம் வரைகிறார். அடியில் இன்னொரு துணி கொடுக்கிறார். உருவத்தின் கோட்டின் மேலேயே கையால் ஓட்டுத் தையல் போடுகிறார். இரண்டு துணிக்கும் நடுவில் பஞ்சு திணிக்கிறார். கன்னம் புடைக்கிறது, கை புடைக்கிறது, மலை புடைக்கிறது. அப்புறம் மேலே பட்டன், சோழி, கண்ணாடிச் சில்லு, சரிகை நூல், லேஸ் என்று கையில் கிடைத்ததை எல்லாம் தைக்கிறார். சட்டம் கிடையாது. சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போகலாம். நாலு வருசத்துக்கு ஒரு வீடு மாற்றுகிறவள் வேறு எப்படிப் படம் வரைவாள்?

முதல் பத்து நிமிசம் நான் படமே பார்க்கவில்லை. தையலைப் பார்த்தேன். தொழில் புத்தி. ஓர் இஞ்சுக்கு இங்கே நாலு தையல் விழுந்திருக்கிறது, அங்கே ஏழு. கோடு நேராக ஓடவில்லை. இரண்டு இடத்தில் துணி சுருக்கு வாங்கியிருக்கிறது. கீழ் ஓரம் ஒரு பக்கம் இறக்கம். பிசிறு எடுக்கவில்லை, நூல் அப்படியே தொங்குகிறது. எங்கள் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இது மேஜைக்கே வராது, லாட் மொத்தமும் ரிஜெக்ட். மகளிடம் சொன்னேன். “அப்பா, நீங்க பத்தடி தள்ளி நின்னு பாருங்க” என்றாள்.

தள்ளி நின்றேன். எதிரே எங்கள் அம்மாவின் தலையணை தெரிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1985-ல் வேடசந்தூர் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கிணறு வற்றியது, வந்தோம், அவ்வளவுதான் கதை. கொங்கு மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீடு, வரிசையாகப் பதினோரு குடித்தனம். அப்பா பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டினார், அம்மா செக்கிங், பள்ளிக்கூடம் விட்டால் நான் கைமடி. டைலருக்குப் பக்கத்தில் நின்று அவர் தைத்துத் தள்ளுவதை வாங்கி மடித்து அடுக்குகிற வேலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்த வரிசையில் யார் வீட்டிலும் இலவம்பஞ்சுத் தலையணை கிடையாது. கட்டிங் டேபிளுக்கு அடியில் விழும் பனியன் துண்டுகளை அள்ளி வந்து உறைக்குள் திணித்துத் தைத்ததுதான் தலையணை. கல் மாதிரிக் கனக்கும். ஒரு பக்கம் உருண்டு நிற்கும். அம்மா மெத்தைக்காரர் மாதிரி நடுவில் குத்துத் தையல் போட்டு அதை நிறுத்திவைப்பாள். வெளியே பழைய பாவாடைத் துணி. உள்ளே சிவப்பு, பச்சை, கடல்நீலம், எந்தெந்த நாட்டு ஆர்டரோ. உறை கிழிந்தால் ஒரு விரல் அகலத்துக்கு அந்தக் கலர் எட்டிப் பார்க்கும். தூக்கம் வராத ராத்திரி அதை நோண்டிக்கொண்டே கிடப்பேன்.

அந்தக் கனமும் அந்தப் புடைப்பும் எதிரே சுவரில் எட்டடி உயரத்துக்கு நின்றன. சுதந்திர தேவியின் உருவத்தில்.

‘எல்.ஏ. லிபர்ட்டி’ என்று பெயர். 1992-ல் செய்தது. போன வாரம் படகில் போய்ப் பார்த்த அதே அம்மாள்தான், கையில் அதே தீப்பந்தம். ஆனால் இவள் பழுப்பு நிறம். நம் ஊர்ச் சந்தையில் பார்க்கிற முகம். பச்சைக் களிம்பேறிய அங்கிக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை பல வண்ணத்தில் கட்டம், கோடு, பூ. பின்னால் வெயில் மாதிரி வண்ணப் பட்டைகள் விரிகின்றன. பசீதா எல்லிஸ் தீவுக்குப் போய்ப் பார்த்தாராம். கப்பலில் வந்து இறங்கிய ஐரோப்பியர்களின் கதை அங்கே சுவர் முழுக்க இருந்தது. தன்னைப் போன்றவர்கள் வந்த கதையைக் காணவில்லை. திரும்பி வந்து இதைத் தைத்தார். நானும் அதே தீவில் அதே சுவர்களுக்கு முன்னால் அரை நாள் நடந்தவன். பெட்டியும் மூட்டையுமாக நின்ற பழைய போட்டோக்களைப் பார்த்து ‘பாவம்’ என்று நினைத்ததோடு சரி. யார் இல்லை என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதே வரிசையில் குடியேறிகளின் வாழ்க்கையைப் பற்றி அவர் வருசக்கணக்காகச் செய்த மற்றவையும் இருந்தன. ‘தெருவெல்லாம் தங்கம் பாவியிருக்கும் என்று நினைத்தேன்’ என்பது ஒன்றின் தலைப்பு. ‘என் சிநேகிதிகள் இப்போது என்னைப் பார்த்தால்’ என்பது இன்னொன்றின் தலைப்பு. இரண்டும் 1991-ஐச் சேர்ந்தவை. தலைப்பிலேயே முழுக்கதையும் இருக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது புதுச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக எங்கள் லைன் வீட்டுப் பையன்கள் பஸ் ஏறுவார்கள். வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்த கண் கண்ணாடிக்குள்ளே செருகிக்கொண்டு கிடக்கும். அதை ஊரில் யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பசீதா இரண்டையும் ஒரே துணியில் காட்டுகிறார். பளபளப்பில் குறை வைக்கவில்லை. பட்டனும் கண்ணாடியும் மினுங்குகின்றன. கிட்டே போனால் ஒவ்வொரு மினுக்கையும் பிடித்து வைத்திருக்கிற தையல் தெரிகிறது.

எங்கள் தொழிலில் தையல் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தாலும் அலங்காரமாகத் தெரிய வேண்டும். எங்கே இணைத்தோம் என்பதை மறைப்பதற்குத்தான் டைலருக்குக் கூலி. இந்த அம்மாள் இணைத்த இடத்தையே தடவிப் பார் என்கிறாள். தடவத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

கீழே புத்தகக் கடையில் கண்காட்சிப் புத்தகம் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு நின்றபடியே புரட்டினேன். இலங்கையில் பேயோட்டும் சடங்கில் போடும் முகமூடியை வைத்து மார்கோஸையும் அவர் கூட்டாளிகளையும் ராட்சச உருவத்தில் தைத்த படம் ஒன்று. அதைத் தாண்டி ‘ஹாங்காங்கில் பிலிப்பினாக்கள்’, 1995. அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு ஞாயிறு விடுமுறை. முதலாளி வீட்டில் இருக்க முடியாது, வேறு வீடு கிடையாது. ஆகவே நகரத்தின் நடு மையத்தில், பெரிய பாங்குகளின் வாசலில், அட்டையை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பாடு, சீட்டாட்டம், தலைவாருதல், போன் எல்லாம் அங்கேயே. ஞாயிறு சாயந்தரம் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் முன்னால் நின்றவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பையன்களும் பெண்களும் அப்படித்தான் குமரன் ரோடு முழுக்க நிறைந்திருப்பார்கள். வாங்குவது கொஞ்சம், நிற்பது அதிகம். ரூமில் எட்டுப் பேர் படுத்திருக்கும்போது வீடியோ காலில் பெண்டாட்டியிடம் என்ன பேச முடியும்? தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் வருகிற நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். இறங்குகிற ஒவ்வொரு பையும் ஒரு வீடு. ஏற்றுமதியில் மட்டும் வருசத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் உடுப்பு போகிற ஊர். போட்டோவில் துணி வரும், மெஷின் வரும், முதலாளி வருவார். இந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை.

“கிளம்பலாமாப்பா? பசிக்குது” என்றாள். ஏழாம் நம்பர் ரயில் ஏறினோம்.

நியூயார்க்கில் எனக்குப் பிடித்த ஒரே ரயில் அதுதான். குவீன்ஸுக்குள் அது தரைக்கு மேலே, மாடி உயரத்தில் போகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கடைப்பலகையின் எழுத்து மாறிக்கொண்டே வரும்: ஸ்பானிஷ், வங்காளம், கொரியன், சீனம். மகள் போனில் எதையோ வாசித்துக்கொண்டு வந்தவள் நிமிர்ந்தாள். “அவங்க நாட்டோட ரொம்பப் பேர் பெத்த படமே வெளிநாட்டுல வரைஞ்சதுதானாம்ப்பா.” ஹுவான் லூனா ரோமில் இருந்துகொண்டு வரைந்த ‘ஸ்போலியாரியம்’. செத்துப்போன கிளாடியேட்டர்களை இழுத்துக்கொண்டு போகும் காட்சி. 1884-ல் மாட்ரிட்டில் தங்கப் பதக்கம் வாங்கியது. ஏழரை மீட்டருக்கு மேல் அகலம். 1958-ல் ஸ்பெயின் அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்தபோது அவ்வளவு பெரிய துணியை அனுப்ப வழியில்லாமல், மூன்றாக வெட்டி மூன்று மரப்பெட்டியில் போட்டுக் கப்பலேற்றினார்களாம். மணிலாவில் அதை மறுபடி ஒன்று சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். “எந்த இடத்துல வெட்டுனாங்கன்னு போட்டிருக்கா?” என்றேன். போடவில்லை.

69-ம் தெருவில் இறங்கினால் லிட்டில் மணிலா. ரயில் பாலத்துக்கு அடியில் ரூஸ்வெல்ட் அவென்யூ. ‘மபூஹாய்’, அதாவது வாழ்க, வருக என்று பெரிதாக எழுதிய சுவரோவியம் அங்கே இருக்கிறது. கொரோனா ஆண்டில், பிலிப்பைன்ஸ் நர்ஸுகளை நினைத்து வரைந்தது. அமெரிக்க நர்ஸுகளில் நூற்றுக்கு நாலு பேர்தான் அவர்கள். 2020 செப்டம்பர் வரை கொரோனாவில் இறந்த நர்ஸுகளை நர்ஸுகள் சங்கம் ஒன்று கணக்கெடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள்.

ஜாலிபீ என்ற பிலிப்பைன்ஸ் உணவுக் கடையில் கோழி தின்றோம். ஸ்பகெட்டி இனித்தது, மேற்கொண்டு அதைப் பற்றிப் பேச வேண்டாம். வெளியே வந்தபோது அடுத்த சந்தில் பெட்டிக் கடை ஒன்றைப் பார்த்தேன். பெட்டிக் கடை என்றால் நம் ஊர்ப் பெட்டிக்கடை இல்லை. பெட்டி அனுப்புகிற கடை. ஆள் உட்காரலாம் போன்ற அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும். பாலிக்பாயன் பெட்டி என்பார்கள். பாலிக் என்றால் திரும்புதல், பாயன் என்றால் ஊர். வெளியூரிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு 1973-ல் மார்கோஸ் அரசு கொடுத்த சலுகைகளோடு பரவிய சொல். ஆள் திரும்ப முடியாதபோது பெட்டி திரும்புகிறது. பத்தில் ஒரு பிலிப்பினோ வெளிநாட்டில் இருக்கிறார்; 2023-ல் மட்டும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கு மேல். பணம் பாங்கு வழியே போய்விடும். பெட்டியைக் கையால் கட்ட வேண்டும்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தரையில் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சீருடை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறார் என்று கண் சொன்னது. சோப்பு, டப்பா இறைச்சி, சாக்லேட், ஷாம்பு, காப்பித் தூள், ஒரு ஜோடி ஷூ. ஷூவுக்குள்ளும் சாக்லேட். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“எடைக்கு எவ்வளவு?” என்று கேட்டேன், மகள் மூலமாக.

“எடைக்கு இல்லை, குயா. கப்பலில் போவதற்குப் பெட்டிக்குத்தான் காசு. அதனால் காற்றுக்கு இடம் விடக் கூடாது.”

குயா என்றால் அண்ணன். அக்காவை அத்தே என்பார்களாம். எங்கள் பக்கம் அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள் என்று சொன்னேன். “எப்படியோ வீட்டு ஆள்தானே” என்றார்.

இலோய்லோ ஊர்க்காரர். அம்மாவும் மகளும் அங்கே. கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டிய பெட்டி. கடலில் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் என்பதால் ஆகஸ்டிலேயே தொடங்கியாகிவிட்டது. கண்ணாடி பாட்டில்களைச் சுற்றி அவர் எதையோ சுருட்டிச் செருகிக்கொண்டிருந்தார். பார்த்தால் டி-ஷர்ட். குழந்தை சைஸ், பிங்க், மஞ்சள், வெளிர் பச்சை. இடுக்கு அடைக்கவும் ஆயிற்று, மகள் போட்டுக்கொள்ளவும் ஆயிற்று.

இங்கே காவலாளி இல்லை. ஒன்றை எடுத்துக் கழுத்துப்பட்டியைப் புரட்டினேன். ‘மேட் இன் இந்தியா’. ஊர்ப் பெயர் போடுவதில்லை. ஆனால் சிங்கிள் ஜெர்சி, கையில் எடுத்த கனம், கழுத்து ரிப்பை ஏற்றிய விதம், உள்ளே தோளுக்குத் தோள் ஓடிய டேப். “நம்மூருதாம்ப்பா?” என்றாள் மகள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டேன். நம்மூருதான். கீழ் மடிப்பில் ஒரு பிசிறு எடுக்காமல் விட்டிருந்தது. பல்லால் கடித்து எடுத்தேன். கையில் டிரிம்மர் இல்லையே.

“மகளுக்கு என்ன வயசு?”

“பத்து. பதினொன்று ஆகப்போகிறது.” போனை எடுத்துக் காட்டினார். கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ. “இந்த சைஸ் சரியாக இருக்குமா? வீடியோவில் உயரம் தெரியமாட்டேன் என்கிறது. கடைசியாக நேரில் பார்த்தபோது ஏழு வயசு.”

எனக்கு மற்ற எதிலும் திறமை கிடையாது, இது தெரியும். கதவுக் கைப்பிடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். பிள்ளையின் தோள் அதைத் தாண்டி எங்கே வருகிறது என்று பார்த்தேன். அவர் வாங்கியிருந்தது எட்டு வயசு சைஸ். அது சேராது, பன்னிரண்டு வாங்குங்கள், காட்டன் பனியன் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு அஞ்சு வரைக்கும் சுருங்கும், பெட்டி போய்ச் சேருவதற்குள் பிள்ளையும் வளரும் என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் மடியில் இருந்த ஆறு டி-ஷர்ட்டையும் ஒரு முறை பார்த்தார். எதையும் வெளியே எடுக்கவில்லை. “இது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆகட்டும். பன்னிரண்டில் போய் வாங்கி வருகிறேன்” என்று எழுந்தார். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பார்த்துக்கொண்டோம், இருபத்தைந்து நிமிசம்.

சாயந்தரம் அதே ஏழாம் நம்பரில் கடைசி ஸ்டேஷன் வரை, ஃபிளஷிங். பௌன் ஸ்ட்ரீட்டில் பிள்ளையார் கோயில். 1977-ல் கும்பாபிஷேகம் ஆனது, கருங்கல் விக்ரகம், முறையான கோபுரம். கீழ்த்தளத்தில் கேன்டீன். மதியத்து ஸ்பகெட்டிக்குப் பரிகாரமாக இரண்டு தோசை சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் நடந்த பேச்சு எல்லாம் யார் ஊருக்குப் போகிறார்கள், சூட்கேஸில் எத்தனை கிலோ இடம் மிச்சம் என்பதுதான்.

அங்கிருந்தே வீட்டுக்கு, மனைவிக்கு போன் போட்டேன். திருப்பூரில் விடிந்திருந்தது.

“ஏம்மா, அம்மாவோட பழைய தலகாணி ஒண்ணு பரண்ல கெடந்துச்சே?”

“எந்தத் தலகாணி?”

“வேஸ்ட்டு அடச்சது. பூப்போட்ட உறை.”

“அத போன வருசமே தூக்கிப் போட்டாச்சுங்க. பூரா வேஸ்ட்டுதான உள்ள. இப்ப எதுக்கு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. என் யூனிட்டில் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு மூட்டையை வியாபாரிக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்திருக்கிறேன். நல்ல கலர் எல்லாம் இருக்கிறது: சிவப்பு, கடுகு மஞ்சள், ராமர் பச்சை, இரண்டு வகை நீலம். கூட ஒரு டப்பா உதிரி பட்டன். ஒடியா பேசுகிறவரோ, போஜ்பூரி பேசுகிறவரோ, வேடசந்தூர்க்காரரோ, ஊசி பிடிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்து அள்ளிக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். வந்த ஊரையோ விட்டு வந்த வீட்டையோ தைத்தால் ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள். தையல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வெள்ளை மட்டும் கேட்காதீர்கள். வெள்ளை வேஸ்ட் நல்ல விலைக்குப் போகிறது.